கிடைக்காத பாகமும் பிறந்த ஊர்தியும்

தேவையே கண்டுபிடிப்பின் தாய் என்று பள்ளிப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அந்தத் தேவை பசி, நோய், போர் போன்ற பெருந்தேவையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வதும் நம் வழக்கம். ஆனால் பழைய வண்டியொன்றுக்கு மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்கவில்லை என்ற சின்னஞ்சிறு தொல்லையிலிருந்தும் ஒரு பொருள் பிறக்கக்கூடும். அப்படிப் பிறந்து, 68 ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே உருவில் உற்பத்தியாகி, எண்ணிக்கையில் இருபது லட்சத்தைத் தாண்டிய ஊர்தி ஒன்று உண்டு. காடு, மேடு, மணல், சேறு எதுவாயினும் நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் லேண்ட் ரோவரே அது. அதன் கதையைத் தொடங்க வேண்டிய இடம் அதற்கு முன்னோடியான ஜீப்.

1940-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்க இராணுவம் இலேசான ஒரு வேவு வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. முதல் மாதிரியை 49 நாள்களுக்குள் தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்றபோது, பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் என்னும் ஊரில் மூடும் நிலையிலிருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாள்களிலேயே வரைபடங்களை முடித்துக் கொடுக்க, செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி இராணுவத்தின் சோதனைக் களத்தை அடைந்தது. ஆனால் உழைத்தவனுக்குக் கூலி கிட்டவில்லை. பாண்டத்தின் வடிவமைப்பை இராணுவம் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்கும் காட்டியது. 1941-இல் பெரும் ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போயிற்று. பாண்டம் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தள்ளுவண்டிகளைச் செய்து பிழைக்க வேண்டியதாயிற்று.

வில்லிஸ் ஒன்றால் மட்டும் போரின் பசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே ஃபோர்டு நிறுவனமும் அதே வண்டியைச் செய்யப் பணிக்கப்பட்டது. இங்கேதான் இராணுவம் நம் பொருளுக்கு உரிய கட்டளையை இட்டது: ஃபோர்டு செய்யும் ஒவ்வொரு பாகமும் வில்லிஸ் வண்டியில் அப்படியே பொருந்த வேண்டும். ஃபோர்டும் இணங்கிற்று. ஆனாலும் தன் பெருமையை முற்றிலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், தான் செய்த பாகங்களில், போல்ட்டுகளின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. இன்று பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடுவது அந்த எழுத்தைத்தான். இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து முடித்தன. போர்முனையில் குருக்கள் ஜீப்பின் முன்மூடியையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றும் நிழற்படங்களை நம் வாசகர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். அந்தப் பீடம் வில்லிஸ் செய்ததா, ஃபோர்டு செய்ததா என்று படத்தைக் கொண்டு சொல்வது எளிதன்று.

ஒருவர் செய்த பாகம் மற்றொருவர் செய்த பொறியில் பொருந்துவது நமக்கு இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் அது இயலாத செயலாகவே இருந்தது. ஒரு கொல்லர் செய்த துப்பாக்கியின் விசை உடைந்தால், அந்தத் துப்பாக்கிக்கென்றே இன்னொரு விசையை அடித்து, அராவித் தேய்த்துப் பொருத்த வேண்டும். 1785-இல் பாரீசில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலரின் பட்டறைக்குச் சென்றார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப் பொறிகள் பிரிக்கப்பட்டு, பாகங்கள் தனித்தனிக் குவியலாகக் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துத் தாமே கோத்துப் பார்த்தவர், அவை பிசகின்றிப் பொருந்தக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். உதிரிப் பாகம் என்ற எண்ணத்தின் பிறப்பிடம் ஏறத்தாழ அந்தக் குவியல்தான். அது படைக்கலத்துக்காகப் பிறந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்று. ஆயினும் வரலாறு நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை.

போர் முடிந்தது. ஜீப்புகள் உலகெங்கும் உபரியாகக் குவிந்து கிடந்தன. இங்கிலாந்தின் ரோவர் கார் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டையொட்டிய ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த பண்ணை வேலைக்காக அப்படியொரு ஜீப்பை வைத்திருந்தார். உழுவதற்கும் இழுப்பதற்கும் உதவிய அது தேய்ந்து தள்ளாடத் தொடங்கிற்று. உதிரிப் பாகங்களோ எளிதில் கிட்டவில்லை. நிறுவனத்தின் நிர்வாகியாயிருந்த அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ், இந்த ஜீப் முற்றிலும் ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். இன்னொரு ஜீப்பைத்தான் வாங்க வேண்டும், வேறு எதுவும் இல்லையே என்று தம்பி விடை கூறினாராம். இருவரும் வண்டி செய்யும் தொழிலையே நடத்துகிறவர்கள். தங்கள் பண்ணைக்கு வேறு நாட்டின் பழைய இராணுவ வண்டியை நம்பியிருக்கும் நிலையின் நகைப்பு அவர்களுக்கு உறைக்காமல் போகவில்லை.

1947-இல் ரோவர் பட்டறையில் ஒரு சோதனை வண்டி உருவாயிற்று. அதற்கு அடிச்சட்டமாக அமைந்தது ஜீப்பின் அடிச்சட்டமே. வலப்பக்க நாடுகளுக்கும் இடப்பக்க நாடுகளுக்கும் ஒரே வண்டி போதுமென்று கருதி, ஓட்டுநரை நட்டநடுவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்த எண்ணம் கைவிடப்பட்டது நல்லதே. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது. விலை 450 பவுண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரம் 80 அங்குலம், அதாவது ஜீப்புக்கு இருந்த அதே அளவு. இரண்டு மூன்று ஆண்டுகள் காலம் தள்ளுவதற்கான இடைக்கால ஏற்பாடாகவே நிறுவனம் அதைக் கருதியது.

இனி நான் சற்று நின்று நோக்க விரும்புவது இந்த வண்டி செய்யப்பட்ட விதத்தை. போரினால் இளைத்துப்போன இங்கிலாந்தில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கே அது ஒதுக்கப்பட்டது. ஆகவே உடற்பகுதியைப் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். தகட்டை வளைத்து அழுத்தும் பெரும் அச்சுகளுக்குப் பணமில்லை. எனவே தகடுகள் தட்டையாகவும், மூலைகள் நேராகவும், வளைவுகள் கையால் முடிக்கத்தக்கனவாகவும் அமைந்தன. அடிச்சட்டத்தையும் ஒரே அழுத்தில் வார்க்க வழியில்லாமல், நான்கு எஃகுப் பட்டைகளைப் பெட்டி போல் சேர்த்து ஓரங்களைப் பற்றவைத்தார்கள். பச்சை வண்ணம்கூட விமானப் படைக்கு வாங்கி மிஞ்சியது என்பார்கள்.

ஏழ்மையினால் செய்த இந்த ஏற்பாடுகள்தாம் பின்னாளில் அந்த வண்டிக்கு நீண்ட ஆயுளைத் தந்தன என்பது என் கருத்து. பெரும் அச்சு இல்லாமல் செய்யப்பட்டதைப் பெரும் அச்சு இல்லாமலேயே பழுதுபார்க்கவும் முடியும். கதவு நசுங்கினால் தகர வேலை தெரிந்தவர் தட்டி நிமிர்த்தலாம். அடிச்சட்டம் துருப்பிடித்தால் துருவை வெட்டியெறிந்து புதுப் பட்டையை ஊரிலேயே பற்றவைக்கலாம். குறையே இல்லையென்று சொல்ல வரவில்லை. அலுமினியம் துருப்பிடிக்காதெனினும், எஃகோடு அது தொட்டு நிற்குமிடத்தில் ஈரம் பட்டால் வெண்தூளாக அரித்துவிடும். பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு, பாரம் மிகுந்தால் முறிவதற்குப் பேர்போனது. ஆனால் அந்தத் தண்டை உருவியெடுத்து வேறொன்றைச் செருகுவது வழியோரத்திலேயே முடிகிற வேலையாக இருந்தது.

இன்னொரு சிக்கல் மரையில் இருந்தது. மரை என்றால் போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் புரி. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்பவர் 55 பாகைக் கோணத்தில் ஒரு மரை அளவை முன்வைக்க, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது. 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணத்தில் வேறோர் அளவைச் சொல்ல, அமெரிக்கா அதை ஏற்றது. ஐந்து பாகைதானே என்று அலட்சியம் செய்துவிட முடியாது. ஒருவன் போல்ட்டு மற்றவன் நட்டில் ஏறாது. இரண்டாம் உலகப் போரில் தோளோடு தோள் நின்ற நேச நாடுகளின் படைகள், ஒன்றின் வண்டியை மற்றொன்றின் திருகாணியால் முடுக்க முடியாமல் திண்டாடின. விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்கத் தொழிற்சாலை செய்து தந்தபோது, பிரிட்டனின் மரைகளையே வெட்டித்தர வேண்டியிருந்தது. இறுதியில் 1948 நவம்பர் 18 அன்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடி, பொதுவான மரை அளவு ஒன்றுக்குக் கையொப்பமிட்டன. கோணம் 60 பாகை. லேண்ட் ரோவர் வெளிவந்து ஏழு திங்கள் ஆகவில்லை! அதன் முதல் வண்டிகள் பழைய மரையோடு பிறந்தவை. பின்னர் வந்தவை படிப்படியாகப் புது மரைக்கு மாறின. கடைசிக் காலத்தில் மில்லிமீட்டர் மரையும் வந்து சேர்ந்தது. அதனால்தான் பல பழுதுகளைக் கண்ட பழைய லேண்ட் ரோவர் ஒன்றைப் பிரிப்பவர், மூன்று வகை ஸ்பேனர்களை அருகில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஏற்றுமதிக்கென்றே பிறந்த வண்டி உலகெங்கும் சென்றது. இந்தியாவுக்கும் வந்தது. டார்ஜிலிங் மலைகளில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்ஜாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து சிங்கலீலா மலைத்தொடரின்மேல் ஏறும் பாதை, 31 கிலோமீட்டருக்கு அப்பால், 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்புவை அடைகிறது. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் ஒருங்கே தெரியும். பாதை என்று நான் எழுதியது மரியாதைக்காக. நெடுங்காலம் அது குத்துக்கல்லாகப் பதித்த பாறைகளின் வரிசையாகவே இருந்தது. அதில் அரிசியும் மண்ணெண்ணெயும் நோயாளிகளும் பயணிகளும் மேலேறியதும் கீழிறங்கியதும் பழைய லேண்ட் ரோவர்களில்தான்.

தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டுச் சென்ற வண்டிகளை ஊரார் வாங்கிக்கொண்டனர் என்பது அங்கே வழங்கும் செய்தி. இதைக் கேட்டுவிட்டு, அவை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து வண்டிகள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இது பொருந்தாது. நாடு விடுதலை பெற்று எட்டுத் திங்கள் கழிந்த பிறகே லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆட்சி போன பின்னும் தோட்டங்களில் ஆங்கிலேயர் பலர் தங்கியிருந்தனர் என்பதையே அந்த வண்டிகள் நமக்கு உணர்த்துகின்றன.

அங்கே உதிரிப் பாகம் எப்படிக் கிடைத்தது? இங்கிலாந்திலிருந்து பாகத்தை வரவழைப்பது மலைவழி ஓட்டுநரின் வருவாய்க்கு எட்டாதது. ஆகவே கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். பழைய எஞ்சின்கள் ஓய்ந்தபோது, பல வண்டிகளில் மகிந்திரா நிறுவனத்தின் டீசல் எஞ்சின்களை ஏற்றினார்கள். இது சொல்லும் அளவுக்கு எளிய வேலையன்று. ஒரு நிறுவனத்தின் எஞ்சினுக்கும் மற்றொரு நிறுவனத்தின் கியர் பெட்டிக்கும் இடையே துளைகள் ஒத்துவராது. இரண்டையும் இணைக்கும் தகட்டைத் தனியே செய்து, நடுப்புள்ளி மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். பிசகினால் கிளட்சும் தாங்கிகளும் சில நாள்களில் அரைபட்டுப் போகும். டீசல் எஞ்சினின் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்ப அடிச்சட்டத்தில் புதுக் கால்களைப் பற்றவைக்க வேண்டும்.

மகிந்திராவின் பூர்வீகத்தைப் பார்த்தால் நம் கதை இன்னும் சுவைபடும். 1945-இல் லூதியானாவில் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் எஃகு வாணிபமாகத் தொடங்கிய நிறுவனம் அது. பிரிவினைக்குப் பின் பங்காளியான குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1951-இல் அந்நாட்டின் தலைமை ஆளுநராகவும் உயர்ந்தார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று மாற்றப்பட்டது. முதலெழுத்துகள் மட்டும் மாறவில்லை. அது 1947-இல் பூட்டத் தொடங்கிய வண்டி வில்லிஸ் ஜீப்! தேனி மாவட்டத்திலிருந்து மலையேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நம் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஜீப்புகள் அந்த வழியில் வந்தவையே. ஆக, ஜீப்புக்குப் பாகம் கிடைக்காமல் இங்கிலாந்தில் பிறந்த லேண்ட் ரோவர், தனக்குப் பாகம் கிடைக்காதபோது இமயத்தின் அடியில் ஜீப்பின் வழித்தோன்றலிடம் எஞ்சினை வாங்கிப் பிழைத்தது.

நான் இளங்குருவாக மலைப்பங்கொன்றில் இருந்தபோது, பங்குக்கென ஒரு பழைய ஜீப் உண்டு. அடிவாரத்து லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர்தாம் அதற்கு வைத்தியர். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்காத ஒரு பாகத்துக்காக நான் கவலைப்பட்டபோது, “சாமி, கம்பெனிச் சாமான் இல்லாட்டிப் போகுது. தேஞ்சதைத் தூக்கிப் போட்றாதீங்க, அதுதான் எனக்கு மாதிரி” என்றார். பிறகு அவர் விளக்கியதில்தான் தொழிலின் நுட்பம் இருந்தது. தேய்ந்த பாகத்தை அப்படியே அளந்து கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்ததாகும். புதிதாயிருந்தபோது அது எந்த அளவில் இருந்திருக்கும் என்பதை, உராய்வு படாத ஒரு மூலையைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து கணக்கிட வேண்டும். அளவு சரியாக அமைந்தாலும் போதாது. சுழலும் தண்டுகளுக்கு உரிய எஃகைத் தேர்ந்து, சூடேற்றிப் பதம் கொடுக்க வேண்டும். சாதாரண இரும்பில் கடைந்த அச்சுத்தண்டு பார்வைக்கு அச்சாக இருக்கும். முதல் ஏற்றத்திலேயே முறுக்கிக்கொள்ளும். நிறைய ஆள் ஏறிய வண்டியில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான பாதையில், அது என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதைத் தானே கடையலாம், எதைக் கடையக் கூடாது என்று அறிந்திருந்த அந்த மனிதரின் அடக்கத்தை நான் மிகவும் மதித்தேன்.

கதவு புதிது, எஞ்சின் வேறு, அடிச்சட்டத்தில் பாதி ஒட்டு. இதை இன்னும் அதே வண்டி என்று சொல்லலாமா? குருமடத்தில் மெய்யியல் படித்தவர்களுக்கு இது பழகிய வினா. ஏதென்சு நகரத்தார் தீசியசின் கப்பலைப் பேணி, மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 1655-இல் ஹாப்ஸ் என்ற ஆங்கில மெய்யியலார், கழற்றிப்போட்ட பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையான கப்பல் என்று கேட்டு முடிச்சை இறுக்கினார். மெய்யியலார் அவிழ்க்காத முடிச்சைப் பிரிட்டனின் ஊர்திப் பதிவுத் துறை மதிப்பெண்ணால் அவிழ்க்க முயன்றது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகளுக்குப் பல ஆண்டுகள் அது கடைப்பிடித்த கணக்கின்படி, அடிச்சட்டத்துக்கு 5 மதிப்பெண். வில்தொகுதி, அச்சுகள், கியர் தொகுதி, திசைதிருப்பி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2. எட்டு மதிப்பெண் தேறினால் பழைய பதிவெண் நிலைக்கும். எஞ்சினுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று! இதயத்தை விட முதுகெலும்பே வண்டிக்கு அடையாளம் என்று ஓர் அரசு அலுவலகம் தீர்ப்பளித்தது எனக்கு வியப்பூட்டுகிறது. நம் நாட்டில் எஞ்சின் எண், அடிச்சட்ட எண் இரண்டும் பதிவுப் புத்தகத்தில் ஏறுகின்றன. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் போயாக வேண்டும்.

2008-இல் டாட்டா மோட்டார்ஸ், ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கிற்று. ஜீப்பின் போல்ட்டுகளில் தன் எழுத்தைப் பொறித்த அதே ஃபோர்டுதான் இது. பழைய உருவின் நேர் வாரிசான டிஃபெண்டரின் கடைசி வண்டி, சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து 2016 சனவரி 29 அன்று வெளிவந்தது. மொத்தம் 20,16,933 வண்டிகள். துணிக்கூரையைக் கட்டும் கொக்கிகளும், அடியில் தாங்கும் ஒரு கம்பியும் மட்டும் 1948 முதல் அன்றுவரை மாறாதிருந்த பாகங்கள் என்று நிறுவனமே சொன்னது. அதே ஆண்டில், முதல் வரிசை லேண்ட் ரோவர்கள் 25-ஐத் தேடியெடுத்து, மூலப் பாகங்களோடு புதுப்பித்து விற்கும் திட்டத்தையும் அது அறிவித்தது. வாங்குகிறவர்கள் செல்வர்கள். அவர்களுக்கு வேண்டியது, 1948-இல் இருந்தபடியே ஒவ்வொரு மறையாணியும்.

லேண்ட் ரோவரின் எழுபதாம் ஆண்டான 2018-இல், அதே நிறுவனம் மானேபஞ்ஜாங்கைப் பற்றிக் குறும்படம் ஒன்றை வெளியிட்டது. அப்போது அங்கே 42 வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது அதன் கணக்கு. மூலப் பாகங்களை அளவுகோலாகக் கொண்டால் அவற்றில் பல தேறா. ஆனால் மேலேயுள்ள சிற்றூர்களுக்கு அரிசி ஏற்றிச் சென்றவை அவைதாம். அந்த 25-உம் புதுப்பித்துச் செல்வர்களுக்கு விற்பதற்கென்றே அறிவிக்கப்பட்டவை. இரண்டில் எதைக் காக்கப்பட்ட வண்டி என்பது என்று கேட்டால் நான் தயங்கமாட்டேன்.

சந்தக்பு பாதையின் பகுதிகளுக்குக் காங்கிரீட்டு போடப்பட்ட பின்னர், மகிந்திராவின் போலேரோக்கள் அதில் ஏறத் தொடங்கிவிட்டன. ஓட்டுநர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போலேரோவில் பயணிகள் குளிர்காற்றின்றி உட்காரலாம். ஏதேனும் முறிந்தால், அதற்குரிய பாகத்தைக் கடையில் எண் சொல்லிக் கேட்டு வாங்கி, அன்று மாலையே வண்டியை எடுத்துவிடலாம்.